பதினைந்து சென்டிமீட்டர் கம்பி: உயர் அதிர்வெண் அளவீட்டில் ப்ரோபின் திரும்புபாதை

200 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப் ஒன்று, அதோடு பெட்டியில் வந்த 10 மடங்கு ப்ரோப், ப்ரோபின் பக்கத்தில் தொங்கும் கருப்புக் கிரவுண்ட் கம்பி. கம்பியின் கிளிப்பைப் போர்டின் ஓரத்தில் அகப்பட்ட ஒரு திருகில் மாட்டிவிட்டு, முனையை லாஜிக் சிப்பின் காலில் வைத்தால், ஏறும் விளிம்பின் உச்சியில் நாலைந்து அலைகள் நடுங்கி அடங்குவது திரையில் தெரியும். கர்சரை வைத்து அவற்றின் அதிர்வெண்ணைப் பார்த்தால் 130 மெகாஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்தில் நிற்கும். சிப்பை மாற்றினாலும் போர்டையே மாற்றினாலும் அந்த எண் பெரிதாக நகராது. கம்பியின் நீளத்தை மாற்றினால் உடனே நகரும்.

அந்த நடுக்கம் போர்டில் உண்மையாகவே இருக்கிறதா, அளக்கப்போன கம்பி உண்டாக்கியதா? வேகமான சுற்றுகளோடு வேலை செய்பவர்களுக்கு இதைவிட அடிப்படையான கேள்வி குறைவு. விடை தெரியாமல் தொடர் மின்தடை சேர்ப்பதும், சுவிட்சின் வேகத்தைக் குறைப்பதும், போர்டை மறுபடி வரைவதும் காசையும் காலத்தையும் தின்னும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தால் சுற்றின் திறனும் கெடும். ஸ்கோப் வாங்கும்போது எல்லோரும் பேண்ட்வித் எண்ணைப் பார்க்கிறார்கள். ப்ரோப் முனைக்கும் கிரவுண்ட் தொடும் இடத்துக்கும் நடுவே விழும் கம்பி வளையத்தின் அளவு, திரையில் வருவதை அந்த எண்ணைவிடப் பலமாகத் தீர்மானிக்கிறது என்பதே இத்துறை பல பத்தாண்டுகளில் சேர்த்துவைத்திருக்கும் சான்றுகளை எடுத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது.

ப்ரோபின் மேல் 10 மெகாஓம் என்று அச்சிட்டிருப்பதிலிருந்து தொடங்கலாம். முனைக்குள் 9 மெகாஓம், ஸ்கோப்புக்குள் 1 மெகாஓம். நேர்மின்னழுத்தத்துக்கும் சில கிலோஹெர்ட்ஸுக்கும் இந்த எண் சரிதான். அதன் பக்கத்தில் 10 பிக்கோஃபாரட் என்று இன்னோர் எண்ணும் இருக்கும். வேகமான அளவீட்டில் ஆட்சி இதன் கையில். 10 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் 100 மெகாஹெர்ட்ஸில் 159 ஓம் மட்டுமே எதிர்ப்புக் காட்டும். 5 வோல்ட் விளிம்பு 1 நானோசெகண்டில் ஏறினால், அந்தக் கெப்பாசிட்டன்ஸை நிரப்ப 50 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். முனைக்குள் நுழையும் இந்த மின்னோட்டம் காணாமல் போக முடியாது. ப்ரோபின் உலோக உறைக்கு வந்து, கிரவுண்ட் கம்பியில் இறங்கி, போர்டைக் கடந்து, சிப்பின் கிரவுண்ட் காலுக்குத் திரும்பியாக வேண்டும். ஆக அந்தக் கருப்புக் கம்பி அளவீட்டுச் சுற்றின் ஒரு பாதி. முனையில் காட்டும் கவனத்தை இந்தப் பாதிக்கும் காட்ட வேண்டும்.

கம்பிக்கு இண்டக்டன்ஸ் உண்டு. தடிமன், வளையத்தின் வடிவம் இவற்றைப் பொறுத்துச் சற்றே மாறினாலும், சென்டிமீட்டருக்கு 10 நானோஹென்றி என்று வைத்துக்கொண்டால் பெரிதும் தவறாது. 15 சென்டிமீட்டருக்கு 150 நானோஹென்றி. அதையும் முனையின் 10 பிக்கோஃபாரடையும் சேர்த்து ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் கணக்கிட்டால் 130 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. மேலே கர்சர் காட்டிய எண் இதுதான். கம்பியைக் கழற்றிவிட்டு ப்ரோப் முனையின் கழுத்தில் ஒரு சென்டிமீட்டர் ஸ்ப்ரிங்கை மாட்டினால் இண்டக்டன்ஸ் 10 நானோஹென்றிக்கு இறங்கும், ஒத்ததிர்வு 500 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறும். 200 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் எல்லைக்கு வெகு வெளியே அது போய்விடுவதால், திரையில் விளிம்பு அமைதியாக ஏறி நிற்கும்.

ஒத்ததிர்வு இருந்துவிட்டாலே எல்லா இடத்திலும் நடுக்கம் தெரியும் என்பதில்லை. பாடப்புத்தகங்கள் பலவும் இதைச் சொல்லாமல் விடுவதால், ஒரே ப்ரோப் ஓரிடத்தில் அழகாகவும் இன்னோரிடத்தில் மோசமாகவும் காட்டும்போது மாணவர்கள் குழம்பிப்போகிறார்கள். 150 நானோஹென்றியை 10 பிக்கோஃபாரடால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 122 ஓம் கிடைக்கும். அளக்கப்படும் புள்ளியின் மூல மின்தடை இதைவிட வெகுவாகப் பெரியதாக இருந்தால் அலைவு எழும்பாமலே அடங்கிவிடும். சிறியதாக இருந்தால் எழும்பும். சிமோஸ் சிப் ஒன்றின் வெளியீடு 25 ஓம் என்றால், 122-ஐ அதால் வகுத்துக் கிடைக்கும் ஒத்ததிர்வின் கூர்மை ஐந்து. பல சுற்றுகள் ஆடித்தான் ஓயும். அதே போர்டில் ஒரு கிலோஓம் ரெசிஸ்டருக்குப் பின்னால் இருக்கும் புள்ளியில் அதே 15 சென்டிமீட்டர் கம்பி ஒன்றும் செய்யாது. அங்கே விளிம்பை மழுக்குவது 10 பிக்கோஃபாரட் சுமைதான். கம்பியின் கெடுதல் வலுவான, வேகமான வெளியீடுகளில்தான் அதிகம். நாம் கவனமாக அளக்க விரும்புவதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.

ஹோவர்ட் ஜான்சனும் மார்ட்டின் கிரஹாமும் 1993-இல் வெளியிட்ட ‘ஹை-ஸ்பீட் டிஜிட்டல் டிசைன்’ இதை ஏற்ற நேரத்தின் மொழியில் சொல்கிறது. வளையத்தின் இண்டக்டன்ஸையும் முனையின் கெப்பாசிட்டன்ஸையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 3.4-ஆல் பெருக்கினால் அந்த வளையத்தின் ஏற்ற நேரம் கிடைக்கும். நம் கம்பிக்கு அது 4.2 நானோசெகண்ட். 200 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் சொந்த ஏற்ற நேரமோ 1.75 நானோசெகண்ட்தான். பணம் கொடுத்து வாங்கிய வேகத்தில் பாதிக்கு மேல் இந்தக் கம்பியில் போகிறது. ப்ரோபின் தரவுத்தாளை ஊன்றிப் படித்தால் ஒரு விவரம் அகப்படும். அதில் போட்டிருக்கும் பேண்ட்வித் 25 ஓம் மூலத்திலிருந்து, முனையை நேரே ஏற்கும் அடாப்டரில் செருகி எடுத்த எண். கருப்புக் கம்பியோடு யாரும் அதை அளந்து உறுதியளிக்கவில்லை.

இந்த முரண் எப்படி வந்தது என்பதற்கு வரலாற்றில் விளக்கம் இருக்கிறது. 1947-இல் டெக்ட்ரானிக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த 511 ஸ்கோப்பின் பேண்ட்வித் 10 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் 15 சென்டிமீட்டர் கம்பி எவரையும் தொந்தரவு செய்திருக்காது. அதன் ஒத்ததிர்வு திரையின் எட்டுக்கே வராது. 1950-களில் வேகம் கூடியபோது முதலில் தலைவலி கொடுத்தது ப்ரோபின் கேபிள். இரு முனையிலும் சரியான முடிப்பு இல்லாத கோஆக்ஸ் கேபிளில் அலை முன்னும் பின்னும் எதிரொலித்தது. டெக்ட்ரானிக்ஸின் ஜான் கோபியும் வில்லியம் போலிட்ஸும் கேபிளின் நடுக்கம்பியையே மின்தடைக் கம்பியாக்கி, எதிரொலியை வழியிலேயே கரைத்துவிட்டார்கள். 1959-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கும் பெட்டியில் வரும் பெரும்பாலான 10 மடங்கு ப்ரோப்களின் கேபிள் அந்த வழியில்தான் செய்யப்படுகிறது. ப்ரோபின் உட்புறம் இவ்வாறு கைத்திறனோடு சீராக்கப்பட்டது. வெளியே தொங்கிய கம்பி மட்டும் பழைய நீளத்திலேயே நின்றது, ஏனென்றால் பயன்படுத்துபவருக்கு அது வசதி. 1965-இன் 453 ஸ்கோப் 50 மெகாஹெர்ட்ஸ். 1972-இன் 485 ஸ்கோப் 350 மெகாஹெர்ட்ஸ், அதுவும் 50 ஓம் உள்ளீட்டில். ஸ்கோப்பின் எல்லை கம்பியின் ஒத்ததிர்வைத் தாண்டிய காலம் இது. அன்றிலிருந்து திரையில் தெரிவதைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டிய பொறுப்பு அளப்பவரிடம் வந்துசேர்ந்தது.

இதுவரை சொன்னது கம்பியின் முதல் குறை. இரண்டாவது குறை இதைவிட ஆபத்தானது என்பது என் கணிப்பு, ஏனென்றால் அது ப்ரோப் தொடாத இடத்திலிருந்து வருகிறது. முனை, உறை, கம்பி, போர்டு நான்கும் சேர்ந்து ஒரு வளையம். வளையம் என்றால் அது காந்தப்புலத்தைப் பிடிக்கும் ஆண்டெனா. சுவிட்சிங் பவர் சப்ளை ஒன்றில், வளையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் 10 நானோசெகண்டில் மாறுகிறது என்று கொள்வோம். வளையத்தின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர். கருப்புக் கம்பி தாராளமாக இவ்வளவு பரப்பைச் சூழும். நீண்ட நேர்க்கம்பியின் காந்தப்புலச் சூத்திரத்தைப் போட்டால், வளையத்தில் தூண்டப்படும் மின்னழுத்தம் 0.67 வோல்ட். நல்ல போர்டில் திரும்பும் மின்னோட்டம் அடித்தளத்தில் பக்கத்திலேயே ஓடுவதால் புலம் இதைவிடக் குறையும். பாதியாகவோ பத்தில் ஒன்றாகவோ குறையட்டும். கணினிகளின் பவர் சப்ளைக்கு இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் நெறி 5 வோல்ட் வெளியீட்டில் அனுமதிக்கும் மொத்தச் சலனம் 50 மில்லிவோல்ட்தான். அளப்பவரின் வளையமே அதைவிட அதிகமாகக் காட்டினால், குறையில்லாத சப்ளை தோற்றதாகப் பதிவாகிவிடும். ஸ்ப்ரிங்கை மாட்டி வளையத்தை அரைச் சதுர சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் அதே கணக்கில் 33 மில்லிவோல்ட். அதுவும் பூஜ்யம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த அளவீட்டில் ஸ்ப்ரிங்கோடு வேலை முடிந்துவிடாது.

மூன்றாவது குறை கேபிளின் உறையில் ஓடும் மின்னோட்டம். போர்டின் கிரவுண்டுக்கும் ஸ்கோப்பின் உலோகக் கூட்டுக்கும் இடையே எப்போதும் கொஞ்சம் இரைச்சல் மின்னழுத்தம் இருக்கும். ப்ரோபின் கேபிள் உறை அவ்விரண்டையும் இணைக்கிறது. உறையில் ஓடும் மின்னோட்டம் கிரவுண்ட் கம்பியின் இண்டக்டன்ஸையும் கடந்தாக வேண்டும். அங்கே எழும் மின்னழுத்தம் அளவீட்டோடு அப்படியே கூடிக்கொள்ளும். கேபிளை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றினால் இது தணியும். கேபிளைக் கையால் பிடித்தவுடன் அலைவடிவம் மாறினால் இந்தக் குறை இருக்கிறது என்று பொருள்.

மூன்று குறைகளும் திரையில் ஒன்றாகக் கலந்து தெரியும்போது எது எதுவென்று பிரிப்பது எப்படி? இந்த இடத்தில் டக்ளஸ் ஸ்மித்தின் பங்களிப்பை நன்றியோடு சொல்ல வேண்டும். உயர் அதிர்வெண் அளவீடு பற்றி 1993-இல் புத்தகம் எழுதிய இவர், எந்த அளவீட்டுக்கும் முன் ஒரு வெற்றுச் சோதனை செய்யும்படி வற்புறுத்துகிறார். ப்ரோபின் முனையை அதன் கிரவுண்ட் கிளிப்பிலேயே மாட்டி, அந்த இணைப்பை அளக்கப்போகும் இடத்துக்கு அருகிலுள்ள போர்டின் கிரவுண்டில் தொட வேண்டும். இரண்டும் ஒரே புள்ளி என்பதால் திரையில் நேர்கோடுதான் வர வேண்டும். கோடு நடுங்கினால், அந்த நடுக்கம் முழுவதும் அளவீட்டின் பிழை. இதையே இரண்டு படியாகச் செய்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். போர்டைத் தொடாமல் அருகில் மட்டும் பிடிக்கும்போது வருவது பெரும்பாலும் வளையம் பிடித்த காந்தப்புலம். தொட்டவுடன் கூடுதலாக வருவது உறை மின்னோட்டத்தின் வேலை. பிறகு உண்மையான அளவீட்டில் காணும் நடுக்கம் வெற்றுச் சோதனையில் கண்டதைவிடப் பல மடங்கு பெரியதாக இருந்தால்தான் அதைச் சுற்றின் குணமாக நம்பலாம். ஒரு நிமிடமும் பிடிக்காத இந்தச் சோதனை ஒவ்வொரு ஆய்வகக் கையேட்டின் முதல் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வெற்றுச் சோதனை முதல் குறையைக் காட்டாது, ஏனென்றால் முனையில் விளிம்பே நுழைவதில்லை. அதைப் பிடிக்கக் கம்பி நீளத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். நீளத்தோடு சேர்ந்து அதிர்வெண் நகர்ந்தால் அலைவு கம்பியுடையது. நகராமல் நின்றால் சுற்றினுடையது.

இனி தீர்வுகள். கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்ப்ரிங்கைப் பயன்படுத்துவது எளிதானது, பெரும்பாலான வேலைக்குப் போதுமானது. ப்ரோபோடு வரும் சிறு பிளாஸ்டிக் பையில் அது இருக்கும். பல ஆய்வகங்களில் அந்தப் பை பிரிக்கப்படாமலே தொலைந்துபோவது வருத்தம் தருகிறது. இல்லாவிட்டால் தகரம் பூசிய வெற்றுக் கம்பியை முனையின் உலோகக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு சென்டிமீட்டர் நுனியை விட்டாலே போதும். லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் ஜிம் வில்லியம்ஸ் 1991-இல் எழுதிய அப்ளிகேஷன் நோட் 47 இந்த விஷயத்தில் இன்றும் வழிகாட்டி. தவறான கிரவுண்ட், தவறான ப்ரோப், தவறான முடிப்பு ஒவ்வொன்றும் திரையில் எப்படி வெளிப்படும் என்று புகைப்படங்களாகவே அடுக்கியிருக்கிறார். வேக ஆம்ப்ளிஃபயரின் குறை என்று புகார் சொல்லி வருபவர்களின் சிக்கல் பல நேரம் அளவீட்டில்தான் இருக்கிறது என்பதைச் சிப் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து அவர் பொறுமையாக விளக்கிய விதம் எனக்குப் பிடித்தமானது.

முனையில் 100 ஓம் அளவில் சிறு ரெசிஸ்டர் சேர்ப்பது இரண்டாவது வழி. நீளக் கம்பியைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் இது ஒத்ததிர்வின் கூர்மையைக் குறைத்து நடுக்கத்தை அடக்கும். விலை இல்லாமல் இல்லை. 100 ஓமும் 10 பிக்கோஃபாரடும் சேர்ந்து 2.2 நானோசெகண்ட் ஏற்ற நேரத்தைக் கூட்டும். வேகத்தைவிட விளிம்பின் ஒழுங்கு முக்கியம் என்ற இடத்துக்கு இது ஏற்றது.

ஸ்கோப்பில் இருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் வடிகட்டிப் பொத்தான் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அதை அழுத்தினால் படம் அழகாகிவிடும். பவர் சப்ளையின் ரிப்பிள் அளவீட்டில் இது நெறியே. ஏடிஎக்ஸ் நெறி 20 மெகாஹெர்ட்ஸ் எல்லையோடும், வெளியீட்டின் குறுக்கே 10 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களோடும் அளக்கச் சொல்கிறது. எல்லோரும் ஒரே நிலையில் அளந்து ஒப்பிட இது உதவும். ஆனால் அந்த எல்லைக்கு மேலே இரைச்சல் இருக்கிறதா என்ற கேள்விக்கு வடிகட்டியைப் போட்டு அளந்தவர் விடை சொல்ல முடியாது. வேக லாஜிக்கில் இந்தப் பொத்தானை அழுத்தி நடுக்கம் போய்விட்டது என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

50 ஓம் கோஆக்ஸ் கேபிளின் நுனியில் 450 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, மறுநுனியை ஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டில் முடித்தால் 10 மடங்கு ப்ரோப் கிடைத்துவிடும். பழைய யுக்தி, ஆனாலும் பலருக்குத் தெரியாது. முனையின் கெப்பாசிட்டன்ஸ் ஒரு பிக்கோஃபாரடுக்கும் குறைவு. கேபிள் சரியாக முடிக்கப்பட்டிருப்பதால் எதிரொலி இல்லை. ப்ரோபின் உள்ளீட்டு மின்தடையே 500 ஓம் என்பதால் ஒத்ததிர்வு தானாகவே அடங்கிய நிலையில் இருக்கும். ஆர்ஜி-174 கேபிள், பிஎன்சி கனெக்டர், 430 ஓமும் 22 ஓமும் தொடராக இரண்டு சிறு எஸ்எம்டி ரெசிஸ்டர்கள். எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் வாங்கக்கூடிய சாமான்கள்தான். ஸ்கோப்பில் 50 ஓம் உள்ளீடு இல்லையென்றால் வெளியே ஒரு 50 ஓம் முடிப்பு மாட்ட வேண்டும். கேபிளின் உறையைச் சில மில்லிமீட்டருக்குள் போர்டின் கிரவுண்டில் பற்றவைத்துவிட்டால், விலையுயர்ந்த ப்ரோப்களுக்கு இது ஈடு கொடுக்கும். பலவீனமும் சொல்ல வேண்டும். 500 ஓம் சுமையை இழுக்க முடியாத புள்ளியில் இது அளவையே மாற்றிவிடும். சில கிலோஓம் புல்-அப் வைத்த ஐ-ஸ்கொயர்-சி தடத்தில் இதை வைத்தால் தடமே படுத்துவிடும். குறைந்த மூல மின்தடையுள்ள வேக வெளியீடுகளில், அதாவது கருப்புக் கம்பி மிகவும் ஏமாற்றும் இடங்களில், இது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது என்பது நல்ல பொருத்தம்.

ஆக்டிவ் ப்ரோப் வாங்கிவிட்டால் கிரவுண்ட் கவலை தீரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்கு அதை ஆதரிக்கவில்லை. முனையின் கெப்பாசிட்டன்ஸ் 1 பிக்கோஃபாரடுக்கு இறங்கினால், அதே 150 நானோஹென்றிக் கம்பியோடு ஒத்ததிர்வு 411 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறும். இது நன்மை. ஆனால் அந்த இரண்டின் விகிதத்தின் வர்க்கமூலம் 122 ஓமிலிருந்து 387 ஓமாக உயர்கிறது. 25 ஓம் மூலத்தில் கூர்மை ஐந்திலிருந்து பதினைந்தாகிவிடும். நடுக்கம் வேகமாகவும் கூடுதல் சுற்றுகளோடும் வரும், ஒரு கிகாஹெர்ட்ஸ் ப்ரோப் அதை முழுசாகக் காட்டும். நல்ல ஆக்டிவ் ப்ரோப்களின் முனைகளில் சிறு ரெசிஸ்டர் பதித்திருப்பது இதற்காகத்தான்.

பல சேனல்களில் ஒரே நேரத்தில் அளக்கும்போது எத்தனை கிரவுண்ட் இணைக்க வேண்டும் என்பதில் இரண்டு தரப்பு உண்டு. ஸ்கோப்புக்குள் எல்லா உறைகளும் ஒன்றாகத்தானே இணைந்திருக்கின்றன, ஒரு கிளிப் போதும், மற்றதெல்லாம் வீண் வளையம் என்பது ஒரு தரப்பு. ஆடியோ அதிர்வெண்ணில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்து மெகாஹெர்ட்ஸ் தாண்டினால் நிலைமை தலைகீழ். கிரவுண்ட் இல்லாத ப்ரோபின் திரும்பு மின்னோட்டம் தன் கேபிள் வழியே ஸ்கோப் வரை போய், இன்னொரு ப்ரோபின் கேபிள் வழியே போர்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு மீட்டருக்கு மேல் சுற்று. ஒவ்வொரு ப்ரோபுக்கும் தனிக் குறுங்கிரவுண்ட் வைத்து, அதனால் உண்டாகும் உறை மின்னோட்டத்தை ஃபெரைட் வளையத்தால் அடக்குவதே சரி.

கிரவுண்டே இல்லாத இடத்தில் அளப்பது தனிச் சிக்கல், இங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஸ்கோப்பின் ப்ரோப் உறை, மூன்று ஊசி பிளக்கின் எர்த் வழியாகக் கட்டிடத்தின் நிலத்தோடு இணைந்திருக்கிறது. 230 வோல்ட்டை நேரடியாகத் திருத்தும் சப்ளையின் முதன்மைப் பக்கத்தில் கிளிப்பை மாட்டினால் ரெக்டிஃபயரின் டயோடு வழியே நேரடிக் குறுக்குச் சுற்று. இதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த் ஊசியைத் துண்டிக்கும் பழக்கம் இன்னும் பல பழுதுபார்க்கும் மேசைகளில் இருக்கிறது. அப்போது ஸ்கோப்பின் கூடு முழுவதும் மெயின்ஸ் மின்னழுத்தத்தில் மிதக்கும், தொட்டவர் இறக்கலாம். அளவீடும் நல்லதாக வராது, ஏனென்றால் மிதக்கும் ஸ்கோப்புக்கும் நிலத்துக்கும் இடையிலான பெரிய கெப்பாசிட்டன்ஸ் அந்தப் புள்ளியின் மேல் சுமையாக ஏறுகிறது. இதைச் செய்யவே கூடாது. சோதிக்கப்படும் கருவியைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டலாம். சேனல்கள் தனிமைப்படுத்தப்பட்ட கையடக்க ஸ்கோப் அல்லது டிஃபரன்ஷியல் ப்ரோப் பயன்படுத்தலாம். இரண்டு சாதாரண ப்ரோப்களின் கிளிப்புகளை ஒன்றோடொன்று மாட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் வழியும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் ஒரு சதவீத வித்தியாசம் இருந்தாலே பொது மின்னழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு திரையில் நுழைந்துவிடும். உயர் அதிர்வெண்ணில் ஒரு சதவீதப் பொருத்தமும் கிடைக்காது.

கேலியம் நைட்ரைடு, சிலிக்கன் கார்பைடு சுவிட்சுகள் வந்தபிறகு இந்தப் பழைய பிரச்சினைகள் எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்திருக்கின்றன. அரைப்பாலத்தின் மேல் சுவிட்சின் கேட்டை எடுத்துக்கொள்வோம். கேட்டின் ஒப்பீட்டுப் புள்ளியே சில நானோசெகண்டில் 400 வோல்ட் தாவுகிறது. அதன்மேல் இருக்கும் ஐந்தாறு வோல்ட் சிக்னலை அளக்க வேண்டும். உயர் மின்னழுத்த டிஃபரன்ஷியல் ப்ரோப்கள் 50 ஹெர்ட்ஸில் பொது மின்னழுத்தத்தை அருமையாக விலக்கும். 100 மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போது விலக்குத்திறன் பல ப்ரோப்களில் 30 டெசிபெலுக்கும் கீழே போய்விடும். 26 டெசிபெல் என்றால் இருபதில் ஒரு பங்கு நுழைகிறது: 400 வோல்ட்டில் 20 வோல்ட். ஐந்து வோல்ட் சிக்னல் அதற்குள் மூழ்கிப்போகும். 2016-இல் டெக்ட்ரானிக்ஸ் அறிமுகப்படுத்திய ஐசோவ்யூ, முனையின் மின்சுற்றை ஸ்கோப்பிலிருந்து ஒளியிழையால் முழுக்கப் பிரித்தது. 100 மெகாஹெர்ட்ஸ் வரை 120 டெசிபெல் விலக்குத்திறன் என்று நிறுவனம் குறிப்பிட்டது. அந்த ப்ரோபும் போர்டில் பற்றவைத்த எம்எம்சிஎக்ஸ் கோஆக்ஸ் கனெக்டரில் செருகும்போதுதான் தன் முழுத் திறனைக் காட்டுகிறது. ஒளியிழை வந்தபிறகும் முனைக்கு அருகே வளையம் சிறிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தளரவில்லை.

இந்த இடத்தில் தவறான அளவீடு என்ன செய்யும் என்பதைப் பார்க்க வேண்டும். இபிசி நிறுவனத்தின் கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களின் கேட்டை 5 வோல்ட்டில் இயக்க வேண்டும், 6 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. திரையில் 6.5 வோல்ட் உச்சம் தெரிந்தால் பொறியாளர் பயந்து கேட் ரெசிஸ்டரைக் கூட்டுவார். சுவிட்சிங் இழப்பு அதிகமாகும், ஹீட்சிங்க் பெரிதாகும், இந்தச் சாதனத்தைத் தேர்ந்தெடுத்த காரணமே அடிபடும். அந்த உச்சம் கிரவுண்ட் கம்பியுடையதாக இருந்தால் இத்தனையும் வீண். மாறாக உச்சம் உண்மையாக இருந்து, கம்பியின் குறை என்று ஒதுக்கினால் டிரான்சிஸ்டர் எரியும். இரண்டு பக்கமும் நட்டம் இருப்பதால்தான் வெற்றுச் சோதனையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கல்லூரிகளில் ப்ரோபைச் சீர்செய்வது என்றால், ஸ்கோப்பின் முன்பக்கத்தில் வரும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டி, சிறு திருகைத் திருப்பி மூலைகளை நேராக்குவதோடு முடிகிறது. அவசியமான பயிற்சிதான். ஆனால் அந்த விளிம்பு மெதுவானது. 15 சென்டிமீட்டர் கம்பியோடும் அது குறையில்லாமல் தெரியும். அதனால் தன் ப்ரோப் சரியாக இருக்கிறது என்ற முழு நம்பிக்கையோடு மாணவர் வெளியேறுகிறார். 74ஏசி14 சிப் ஒன்றில் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்த்து ஆசிலேட்டர் ஆக்கினால் சில நானோசெகண்ட் விளிம்பு கிடைத்துவிடும். அதை முதலில் கருப்புக் கம்பியோடும், பிறகு ஸ்ப்ரிங்கோடும், பிறகு 450 ஓம் கேபிளோடும் அளந்து மூன்று படங்களையும் அடுத்தடுத்து வைக்கும் பயிற்சி, எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டாம் ஆண்டிலேயே வேண்டும்.

போர்டை வரைபவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. முக்கியமான ஒவ்வொரு சோதனைப் புள்ளிக்கும் 2.54 மில்லிமீட்டர் தள்ளி, ஸ்ப்ரிங்கின் நுனி உட்காரும்படி ஒரு கிரவுண்ட் துளை விட்டால் செலவு எதுவும் இல்லை. போர்டின் மூலையில் ஒரே ஒரு கிரவுண்ட் கொக்கி வைப்பது நேர்மின்னழுத்த அளவீட்டுக்கு மட்டுமே உதவும். மிக வேகமான தடங்களில் சோதனைப் புள்ளியும் அதில் மாட்டும் கனெக்டரும் கிளைத்தடமாகி சிக்னலைக் கெடுக்கும் என்பது நியாயமான எதிர்வாதம். அதற்கும் வழி இருக்கிறது. 450 ஓம் எஸ்எம்டி ரெசிஸ்டருக்கான இடத்தைத் தடத்தை ஒட்டியே வைத்து, அதன் மறுபக்கத்திலிருந்து 50 ஓம் தடத்தைச் சிறு கோஆக்ஸ் கனெக்டர் வரை இழுத்துவிடலாம். அளக்கும் போர்டுகளில் ரெசிஸ்டரைப் பொருத்தினால் கனெக்டரில் 10 மடங்கு ப்ரோப் தயாராக இருக்கும். விற்பனைக்குப் போகும் போர்டுகளில் பொருத்தாமல் விட்டால், தடத்தோடு ஒட்டி மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான செப்புத் திட்டு மட்டும்.